நேர் றோட்டிலும் இறுக்கிய லொறி

என்னைக் கோபக்காரன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. போன கிழமை, வண்டி திருத்தப் பழகுகிற உங்களில் இரண்டு பேர் ஒரு பழைய ஜீப்பின் படத்தோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். பின்சில்லுகள் மட்டும் இழுக்கிற வண்டி, முன்சக்கரங்கள் சும்மா உருளும். குறைந்த செலவில் நாலு சில்லும் இழுக்கிற மாதிரி மாற்றலாமா என்று கேட்டீர்கள். முன் அச்சு எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கிடைக்கிறதை மாட்டலாம் ஐயா, எல்லாம் ஒண்டுதானே" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு நான் பேசியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டீர்கள்.

அந்த ஏச்சு உங்களுக்கு உரியது அல்ல. அதே சொல்லைப் பல வருடத்துக்கு முந்திச் சொன்ன ஒருவனுக்கு உரியது. அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கிளிநொச்சியில் ஓர் அரசாங்க வேலைத்தளத்தில் தலைமைப் பிற்றர், வண்டிகளைக் கழற்றிப் பூட்டித் திருத்துகிறவன். கை சுத்தமான வேலைக்காரன் என்று வவுனியா வரைக்கும் பெயர். அவன் நான்தான். இத்தனை வருடம் கழித்தும் அவனை என் முன்னால் நிறுத்தினால் கன்னத்தைப் பொத்தி அறைவேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டை வெட்டி ஒரு குடியேற்றம் திறந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு மாவும் விதைநெல்லும் மருந்தும் கொண்டுபோவது எங்கள் வேலைத்தளத்து லொறிகள். கோடையில் பிரச்சினையில்லை. மாரி பிடித்தால் கடைசி ஒன்பது மைலில் பாதி சேறு. முந்தின மாரியில் பதினொரு நாள் ஒரு லொறியும் உள்ளே போகவில்லை. காய்ச்சல்காரரைக் கதிரையில் இருத்தி, கதிரையைத் தடியில் கட்டித் தோளில் காவிக்கொண்டு வந்தார்கள்.

நாலு சில்லும் இழுக்கிற புது வண்டி ஒன்று வேண்டும் என்று எங்கள் மேலாளர் கொழும்புக்கு எழுதினார். காசில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டத்தான் எங்களைக் கூப்பிட்டார். நான் ஓர் அடி முன்னுக்கு வந்தேன். வேலைத்தளத்துப் பின்வளவில் இரண்டாம் உலக யுத்தகாலத்து இராணுவ லொறி ஒன்று நின்றது. உயரமான, காட்டுக்கென்றே கட்டிய வண்டி. ஆனால் பின்சில்லுகள் மட்டும் இழுக்கிற வகை. அதே இனத்தில் நாலு சில்லும் இழுக்கிற வகையும் யுத்தத்தின்போது வந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

"சேர், பழைய இரும்புக்குப் போன லொறி ஒண்டில முன் அச்சைக் கழட்டி எடுத்தா இதை நாலு சில்லு வண்டியாக்கித் தருவன். புது வண்டி தேவையில்லை" என்றேன்.

ஒருவரும் கேட்காமல் சொன்னது. அந்த இடத்திலேயே மேலாளரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் வீட்டுக்குப் போகும்வரை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வவுனியாவில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் வளவில் இரண்டு முன் அச்சுகள் கிடந்தன. ஒன்று லொறியோடு இருந்தது. லொறியின் உடம்பில் அது எந்த வகை என்று சொல்லும் தகடும் இருந்தது. அதை எடுத்தால் முழு லொறியையும் எடுக்க வேண்டும். மற்றது தனியே புல்லுக்குள் கிடந்தது, மலிவு. அளந்து பார்த்தேன். வெளி ஓடும் அதே அளவு, துளைகளும் அதே அளவு, சில்லுப் பூட்டுகிற இடமும் அதே அளவு.

"இது எந்த லொறியில கழட்டினது எண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்றார் வியாபாரி. நல்ல மனிதர். விற்கிற அவசரத்திலும் உள்ளதைச் சொன்னார்.

"பரவாயில்லை, எல்லாம் ஒண்டுதானே" என்றேன் நான்.

ஒரு அச்சுக்குள் ஒரு சின்னப் பல்லுச்சில்லும் ஒரு பெரிய பல்லுச்சில்லும் இருக்கும். சின்னது எத்தனை தரம் சுற்றினால் பெரியது ஒருதரம் சுற்றும் என்பது முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வண்டியின் முன்சில்லுகள் ஒரு வேகத்திலும் பின்சில்லுகள் இன்னொரு வேகத்திலும் ஓடப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் திறந்து பல்லை எண்ண வேண்டும், அல்லது சில்லைக் கையால் சுற்றி, நடுத்தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சோக்குக்கட்டியால் ஒரு கோடு, அரை மணித்தியாலம். அவ்வளவுதான் வேலை. ஐந்து கிழமை அந்த லொறிக்குக் கீழே கிடந்தவனுக்கு அந்த அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. யாரும் தடுக்கவில்லை. எண்ணத் தேவையில்லை என்று நினைத்தேன். தெரியாமல் செய்கிற பிழைக்கு நான் ஏசமாட்டேன். தெரிந்ததைச் செய்யாமல் விடுகிறவனைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

வேலை முடிந்ததும் வண்டியைக் குளத்தின் அலைகரைச் சேற்றுக்குள் இறக்கிக் காட்டினோம். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். லொறி வயிறளவு சேற்றுக்குள் போய், உறுமி, ஏறி வந்தது. கைதட்டினார்கள். பெரியவர் மேலாளரின் கையைக் குலுக்கினார். மேலாளர் என் கையைக் குலுக்கினார்.

சேற்றுக்குள் சோதித்தோம் பாருங்கள். சேற்றில் சில்லு வழுக்கும். முன்சில்லும் பின்சில்லும் வேறுவேறு வேகத்தில் ஓடினாலும் சேறு விட்டுக்கொடுக்கும். எங்கள் பிழைக்கு ஒளித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இந்த வன்னியில் கிடையாது. அங்கேதான் நான் சோதித்தேன். கைதட்டல் கேட்கிற இடத்தில் சோதித்தேன். பிழை இருந்தால் அது தப்பமுடியாத இடம் எது என்று முதலில் யோசித்து, அங்கே கொண்டுபோய்ச் சோதியுங்கள். கைதட்ட வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சோதியுங்கள்.

லொறியைச் சவிரிமுத்து என்ற சாரதியிடம் கொடுத்தார்கள். முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். தகப்பனும் தமையனும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் சின்ன வயதிலேயே மீன் லொறி ஓட்டப் பழகி, கொக்கிளாய்க் கரை மணலிலிருந்து மீனேற்றிக்கொண்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நாங்கள் சவிரியண்ணை என்போம். அதிகம் பேசமாட்டார். வாயில் சாராயம் வைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கமாட்டார்.

இரண்டு கிழமை ஓடிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, சேத்தில நல்லாப் போகுது. குறை சொல்ல ஏலாது. ஆனா கல் றோட்டில ஏறின உடனே இறுக்குது. பின்சில்லு தள்ளுது, முன்சில்லு வரமாட்டன் எண்டுது."

"நாலு சில்லும் இழுக்கிற வண்டி அப்பிடித்தான் அண்ணை. வளைவில முன்சில்லு கூடத் தூரம் ஓடவேணும். அதால இறுக்கும். இறுகின றோட்டில ஏறினா லீவரை இழுத்து முன்சில்லுக்கு இழுவை போகாமக் கழட்டி விடுங்கோ."

"லீவர் வருகுதில்லை தம்பி. ரெண்டு கையாலயும் இழுத்தும் வராது. பின்னுக்கு எடுத்தாத்தான் விடுகுது."

"அதுவும் அப்பிடித்தான்."

நான் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து. முழுப் பொய் என்றால் எனக்கே தெரிந்திருக்கும். நல்ல வண்டியும் வளைவில் கொஞ்சம் இறுக்கும். புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாதி உண்மையைத் தூக்கி என் பிழையின்மேல் போர்த்திவிட்டேன்.

ஒரு மாதத்தில் திரும்ப வந்தார். முன்ரயர்களைக் காட்டினார். அரம் போட்டதுபோல் தேய்ந்திருந்தன. காற்றுக் குறைவு என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் முறை வந்தபோது ஐப்பசி மழை வலுத்துவிட்டது. நான் வேறொரு வண்டியின் கீழே இருந்தேன். எழும்பவில்லை. அவர் குந்தியிருந்து குனிந்து கதைத்தார்.

"தம்பி, நீங்கள் சொன்ன கதையை யோசிச்சுப் பாத்தன். வளைவில எண்டாச் சரி. இது நேர் றோட்டிலயும் இறுக்குது. மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் கோடு கீறின மாதிரி நேராப் போற இடத்திலயும் இறுக்குது. நேர் றோட்டில ஏன் இறுக்கவேணும்?"

உங்களில் மூளையுள்ளவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். நாற்பத்தொரு வயதுச் சாரதி, எட்டாம் வகுப்பு, என் பிழையைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நேர் வீதியில் நாலு சில்லும் ஒரே தூரம்தான் ஓடும். அங்கே இறுக்குகிறது என்றால் உள்ளே பல்லுக் கணக்குப் பிழை. வேறு காரணமே கிடையாது. நல்ல பிற்றர் என்றால் அந்த நிமிடமே ஜக்கை வைத்து வண்டியைத் தூக்கியிருக்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அண்ணை, இதுக்கு முன்னம் எத்தினை நாலு சில்லு வண்டி ஓட்டினனீங்கள்?"

"இதுதான் முதல் வண்டி."

"அப்ப ஓட்டிப் பழகுங்கோ. லொறியைக் குறை சொல்லாதையுங்கோ."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எழும்பி, சறத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போனார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, மாவும் மருந்துப் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு சவிரியண்ணை குடியேற்றத்துக்குப் போனார். சேறெல்லாம் தாண்டிவிட்டார். கடைசியில் ஒரு குளக்கட்டு. அதன் மேல் கிரவல் போட்டு இறுக்கியிருந்தார்கள், தார் றோட்டுப்போல. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு லொறிக்கு மட்டும் இடம். லீவர் வரவில்லை. பின்னுக்கு எடுத்து விடுவிக்கவும் முடியாது. பின்னால் குடியேற்றத்து மாட்டுவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போய்விடலாம் என்று போயிருக்கிறார். கட்டின் நடுவில், முன் அச்சுக்குப் போகிற தண்டின் மூட்டு உடைந்தது. தண்டின் முன்நுனி நிலத்தில் விழுந்து குத்தியது. ஓடுகிற லொறி தன் தண்டிலேயே ஊன்றி எழும்பி, தண்ணீர்ப் பக்கமாகப் புரண்டது. அவருடைய வலது கால் கதவுக்கும் கட்டுக்கும் நடுவே அகப்பட்டது.

மறுநாள் நான் போனேன். லொறி அப்படியே கிடந்தது. கரைந்த மா அலையடித்து, கட்டு ஓரமெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவரை வெளியில் எடுத்தவர்களில் ஒருவர், கந்தையா என்ற குடியேற்றக்காரர், என்னோடு வந்தார்.

தண்டைப் பார்த்தேன். வேகத்தில் உடைந்த உடைவு வேறு. இது முறுக்கி முறுக்கி, நாட்கணக்காக வெடித்து, கடைசியில் விட்ட உடைவு. கறுத்த பழைய வெடிப்பு, ஓரத்தில் கொஞ்சம் மட்டும் புதுப் பளபளப்பு. சட்டைப்பையில் இருந்த சோக்குக்கட்டியை எடுத்தேன்.

"கந்தையா அண்ணை, அந்தச் சில்லை அசையாமப் பிடியுங்கோ" என்றேன். அவர் ஒரு பக்கத்துச் சில்லைப் பிடிக்க, மற்றதை இரண்டு தரம் சுற்றினேன். பின் அச்சை எண்ணினேன், முன் அச்சை எண்ணினேன். பின்னால் ஆறு சுற்றும் கொஞ்சமும். முன்னால் ஆறரைக்குக் கிட்ட. திரும்ப எண்ணினேன். திரும்பவும் அதே.

"என்ன தம்பி எண்ணிறியள்?"

மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினேன். அவர் தன் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுக்க மூண்டு மணித்தியாலம் மண்வெட்டியால வெட்டினனாங்கள். தண்ணி நெஞ்சுமட்டும். ஒருக்காலும் கத்தேல்லை மனிசன். லொறி இறுக்கிப்போட்டுது, நேர் றோட்டிலயும் இறுக்கிப்போட்டுது எண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஏன் தம்பி, லொறி அப்பிடி இறுக்குமோ?"

"இறுக்கும்" என்றேன். கட்டிலிருந்து இறங்கி, சைக்கிளில் ஏறி, ஒட்டுசுட்டான் வரும்வரைக்கும் மிதித்தேன். முகத்தில் ஓடியது மழைத்தண்ணீரா வேறா என்று எனக்கே தெரியாது.

வேலைத்தளத்துக்கு வந்து மேலாளரிடம் நேரே போனேன். "சேர், பிழை என்ரை. பல்லுக் கணக்கு வித்தியாசம். நான் எண்ணிப் பாக்காமல் பூட்டிப்போட்டன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். பதினொரு வருடத்தில் அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஐசே, உமக்கு விசரோ? ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை சேர்."

"சொல்லாதையும். உமக்குக் கலியாணம் பேசியிருக்கெல்லே? தைமாசம் எல்லே? வேலை போனா ஆர் பொம்பிளை தருவினம்? நான் உம்மைக் காப்பாத்தப் பாக்கிறன்."

மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. இங்கிலீசில் தட்டச்சடித்த ஒரு தாள். சாரதி மிகை வேகத்தில் ஓட்டினார், கொடுத்த அறிவுறுத்தலுக்கு மாறாக இறுகிய வீதியில் நாலு சில்லையும் இணைத்து ஓட்டினார், மதுபானம் அருந்தியிருந்ததாகச் சந்தேகம். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் அவர் ஏற்கெனவே வைத்துவிட்டார்.

"சவிரியண்ணை குடிக்கமாட்டார் சேர்."

"சந்தேகம் எண்டுதானே எழுதியிருக்கு."

நான் கையெழுத்து வைத்தேன்.

இந்த வரியை நான் மறைத்து எழுதியிருக்கலாம். உங்களுக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. வைத்தேன். அழகான கையெழுத்து என்னுடையது. அன்றைக்கும் அழகாகத்தான் விழுந்தது. உங்களை மிரட்டுகிற மேலதிகாரியைக் கண்டு நீங்கள் பயப்படத் தேவையில்லை. அவரை எதிர்க்க உங்களுக்கே கோபம் வரும். கதவைச் சாத்திக் கதிரை தந்து, உங்கள் கலியாணத்தைப் பற்றி விசாரிக்கிறாரே, அவரிடம் கவனமாக இருங்கள். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார். கொழும்புப் பெரியவர் குலுக்கியது அவருடைய கையை.

மூன்று கிழமை கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சவிரியண்ணையைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கடற்கரைக்குக் கிட்ட வீடு. வேலியில் வலை காய்ந்தது. அவர் கட்டிலில் இருந்தார். காலை முழங்காலிலிருந்து மடக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி திரேசம்மா கதிரை எடுத்துப் போட்டா.

அவர் என் சுகம் கேட்கவில்லை, தன் சுகம் சொல்லவுமில்லை. "கண்டுபிடிச்சியளோ தம்பி? நேர் றோட்டில ஏன் இறுக்கினது?" என்றுதான் கேட்டார்.

சொன்னேன். சின்னப் பல்லுச்சில்லு, பெரிய பல்லுச்சில்லு, நான் எண்ணாமல் விட்டது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப என்ரை பிழை இல்லை" என்றார்.

"இல்லை அண்ணை."

அப்போது திரேசம்மா அலுமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தா. வேலையிலிருந்து இடைநிறுத்திய கடிதம், கூடவே அறிக்கையின் பிரதி.

"இதைக் கோயில் சிஸ்டரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான். குடிச்சிருந்தவர் எண்டு கிடக்காம். எனக்கு இங்கிலீசு தெரியாது. கீழ கிடக்கிறது ஆரின்ரை கையெழுத்து எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவா காகிதத்தை என் மடியில் வைத்தா. என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"என்ரை" என்றேன்.

சவிரியண்ணை என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மூண்டு தரம் வந்தனான். மூண்டு தரம்! நாய்க்குச் சொன்னாலும் தலையைத் தூக்கிப் பாத்திருக்கும். நீ வண்டிக்குக் கீழ கிடந்துகொண்டு என்னைப் பாத்து மற்றவையைச் சிரிப்பிச்சாய். சரி, அது தெரியாத பிழை எண்டு விடுவம். இது? இது தெரிஞ்சு எழுதினதெல்லே? என்ரை பிள்ளையள் பள்ளிக்கூடத்தில குடிகாரன்ரை பிள்ளையள் எண்டு பேச்சுக் கேக்குதுகள். எழும்பு. போ. போய் உள்ளதை எழுதிப்போட்டு வா. எழுதாட்டி இந்தப் படலைக்குள்ள கால் வையாதை."

வாழைப்பழத்தைத் திரேசம்மா என் சைக்கிளின் கைபிடியில் கொண்டுவந்து தொங்கவிட்டா.

அன்றிரவே எழுதி, காலையில் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். "உம்மடை நல்லதுக்குத்தான்" என்றார். அதோடு நிற்கவில்லை. சவிரியண்ணை மீதான விசாரணை வருகிற வெள்ளிக்கிழமை. குளக்கட்டிலிருந்து இழுத்து வந்து பின்வளவில் போட்டிருந்த லொறியின் உடைசலை வியாழக்கிழமை பழைய இரும்புக்குக் கொடுத்துவிட உத்தரவு போட்டார். அச்சுகள் போனால் என் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும். ஏற்கெனவே ஒரு தாளில் வேறுவிதமாகக் கையெழுத்து வைத்தவனின் வாய்ச்சொல்லை யார் எடுப்பார்கள்?

புதன்கிழமை நடுப்பகலில், எல்லோரும் பார்க்க, இரண்டு அச்சையும் திறந்தேன். ஒளித்துச் செய்தால் களவு என்பார்கள். வேலைத்தளமே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் உதவவில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை. மேலாளர் வாசலில் வந்து நின்று, "ஐசே, அரசாங்கச் சொத்து!" என்று கத்தினார். "ஓம் சேர், அரசாங்கத்திட்டைத்தான் குடுக்கப்போறன்" என்றேன். பல்லுச்சில்லுகளைச் சாக்கில் கட்டி, என் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு இரவு அதன்மேல் படுத்தேன். இத்தனை பேர் பார்த்த பிறகு உடைசலை வெளியே அனுப்ப மேலாளர் துணியவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை உத்தியோகத்தர் வவுனியாவிலிருந்து வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். சவிரியண்ணை ஊன்றுகோலோடு ஒரு பக்கம் இருந்தார். என்னைக் கூப்பிட்டதும் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அவருடைய கோப்புகளுக்கு நடுவே அவிழ்த்துக் கொட்டினேன். பழைய எண்ணெய் காகிதமெல்லாம் ஊறியது. பியோன் ஓடி வந்தான்.

"என்ன இது?" என்றார் உத்தியோகத்தர்.

"எண்ணுங்கோ சேர். இது பின்னுக்கு இருந்தது. இது முன்னுக்கு."

மேலாளர் எழும்பினார். உத்தியோகத்தர் கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு, பேனா முனையால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். நேரமெடுத்துத்தான் எண்ணினார். பின்னது: பெரியது முப்பத்தேழு, சின்னது ஆறு. முன்னது: பெரியது நாற்பத்தைந்து, சின்னது ஏழு. கோப்பின் முதுகில் பெரியதைச் சின்னதால் வகுத்துப் பார்த்தார். இரண்டு விடையையும் வட்டமிட்டார்.

"இதை ஆர் பூட்டினது?"

"நான்."

"சாரதி உமக்கு முறைப்பாடு செய்தாரா?"

"மூண்டு தரம்."

"அறிக்கையில் இருப்பது உம்முடைய கையெழுத்தா?"

"ஓம்."

"ஏன் வைத்தீர்?"

பெரிய நியாயங்கள் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "பயம் சேர்" என்றேன்.

அவர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்.

சவிரியண்ணையின் பெயரிலிருந்து எல்லாக் குற்றமும் நீங்கியது. மடக்க முடியாத காலோடு லொறி ஓட்ட முடியாது என்பதால் களஞ்சியத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். என்னைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கலியாணமும் அந்தத் தையில் நடக்கவில்லை. அதெல்லாம் நியாயம். எனக்கு மனத்தாங்கல் இல்லை. மேலாளர்? அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அடுத்த வருடம் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். பிரிவுபசாரத்தில் மாலை போட வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நான் நிற்கவில்லை. அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாரி முடியவில்லை, குடியேற்றத்துக்குப் பாதையும் இல்லை. விசாரணை உத்தியோகத்தரே கேட்டார், "அந்த லொறியைச் சரியாகச் செய்ய முடியுமா?" என்று. அந்த வியாபாரியின் வளவில் தகட்டோடு நின்ற லொறி அப்போதும் நின்றது. அதை முழுதாக வாங்கி முன் அச்சை எடுத்தோம். இந்தமுறை பல்லை நான் எண்ணினேன், இன்னும் இரண்டு பிற்றர்மாரைத் தனித்தனியே எண்ணச் சொன்னேன். மூன்று பேரும் எங்கள் எண்ணைக் காகிதத்தில் எழுதிய பிறகுதான் ஒன்றாகப் பார்த்தோம்.

வண்டி தயாரானதும் அலைகரைக்கு ஒருவரும் போகவில்லை. நான் களஞ்சியத்துக்குப் போய்ச் சவிரியண்ணையிடம் கேட்டேன். "அண்ணை, ஒருக்கா வந்து வண்டியில இருந்து பாக்கிறியளோ?" அவர் ஊன்றுகோலை எடுத்தார்.

புதுச் சாரதி ஓட்டினான். சவிரியண்ணை பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு. நான் பின்பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம், நேர் வீதி, இறுகிய தரை, நாலு சில்லும் இணைத்தபடி. நாலு மைல். பின்கண்ணாடியால் அவருடைய தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக் கொஞ்சம் சரித்து, வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, தானே லீவரை இழுத்தார். ஒரு விரலுக்கு வந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நானும் குதித்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். முன்ரயரைக் கையால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை. சாரதியைத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி நல்ல வண்டி. கொண்டு போ. இனி எப்பவாவது இறுக்கினாலோ, ஒரு சத்தம் கேட்டாலோ, வந்து எனக்குச் சொல்லு." ஊன்றுகோலை என் பக்கம் நீட்டிக் காட்டினார். "இவருக்குச் சொல்லாதை."

சாரதி என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அவர் சொன்னபடியே செய் என்று நான் அவனுக்குத் தலையை ஆட்டினேன்.